செங்கொடியின் தலைவலி

ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டேன். பன்னிரண்டு என்றாள் செங்கொடி. பத்துக்கு மேல் கட்டமே இல்லை என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் மட்டும் அதைப் பார்த்தாள். "அப்ப பத்துலயே போட்டு, பக்கத்துல ரெண்டுன்னு எயுதிக்கங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, என் கடைப் படியில் முட்டைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் பத்து என்று எழுதினேன். கூட ரெண்டு எழுதவில்லை. படித்தவர்கள் போட்ட கட்டம், அதை நாம் மீறுவானேன் என்று அப்போது எனக்குப் பட்டது.

என் பெயர் சங்கரநாராயணன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். எண்ணூரில் இந்த மளிகைக் கடையைப் போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தெருவில் என் பெயர் தெரிந்தவர்கள் தபால்காரரும் கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரும்தான். மற்ற எல்லோருக்கும் அண்ணாச்சி. செங்கொடி எனக்கு எதிர்வீடு. வியாசர்பாடியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். கன்டெய்னர் யார்டில் காலிப் பெட்டிகளுக்குள் இறங்கிக் கழுவிவிடும் வேலை. கணவன் அசோகன் டிரெய்லர் ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். ஒரே மகள் மகிழினி, நாலாம் வகுப்பு, பிறந்ததிலிருந்தே வீசிங். அந்த நோட்டு செங்கொடிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கொடுத்தது. ஒற்றைத் தலைவலிக்குப் புதிதாக ஓர் ஊசி, மாதம் ஒன்று, வயிற்றில் போடுவது. போடுவதற்கு முன்னாலும் போட்ட பிறகும் மூளையைப் படம் எடுத்து உள்ளே என்ன மாறுகிறது என்று பார்ப்பார்கள். ஊசி இலவசம், பதிலுக்கு நோட்டை ஒழுங்காக எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. வலி வந்துவிட்டால் எழுத்தெல்லாம் நெளிகிறது என்பாள். அதனால் குமாஸ்தா வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்பெனி. அங்கே என்ன காய்ச்சுகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மாதத்தில் சில நாள் அங்கிருந்து ஒன்று கிளம்பி வரும். புகை என்றால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது, கேஸ் என்போம். முதலில் தொண்டை கமறும், பிறகு கண் எரியும், குழந்தைகள் வாந்தி எடுக்கும். நம் மூக்குக்கு எட்டும்போது காரியம் கைமீறியிருக்கும். ஆனால் செங்கொடிக்கு ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் முன்னாலேயே தலைவலி வந்துவிடும். இதை முதலில் கவனித்தது அவள் பக்கத்து வீட்டு சாபிரா. தையல் மெஷினை வாசலில் போட்டுத் தைக்கிறவள், தெருவில் யார் எப்போது கதவைச் சாத்துகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. செங்கொடி ஜன்னலைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணி திணித்தால், சாபிரா கொடியில் காயும் துணிகளை உருவுவாள். சாபிரா துணியை உருவினால் நான் அரிசி மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய் போட்டு ஷட்டரைப் பாதி இறக்குவேன். தெருமுனை டியூஷன் டீச்சர் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். "செங்கொடி வூட்டு ஜன்னல் சாத்திட்டாங்க" என்றால் போதும், வேறு பேச்சு வேண்டியதில்லை. எட்டு வருஷமாக இப்படித்தான். நாங்கள் மனு கொடுத்து, அதிகாரிகள் வந்து, மீட்டர் வைத்துப் பார்த்தபோதெல்லாம் எல்லாம் அளவுக்குள் இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள். அந்த மீட்டரை நாங்கள் நம்பவில்லை. எங்களுக்குச் செங்கொடியின் தலை இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை.

அந்தத் தலைக்குள் என்ன நடக்கிறது என்று எங்களில் யார் கேட்டோம்? குளிக்கிற இடத்துச் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பாள். மகிழினி காலி பெயிண்ட் டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வெறுங்காலோடு வெளியே வருவாள். கருவாடு வாடை ஆகாது, ஊதுவத்தி ஆகாது, குழல் விளக்கு ஆகாது, குக்கர் விசில் ஆகாது. இந்த வலியால் மூன்று வேலை போயிற்று. "தலிய கயட்டி வூட்ல வச்சிட்டு வேலிக்கி வாம்மான்னு சூப்பர்வைசரு சொல்றான் அண்ணாச்சி. கயட்ட முடிஞ்சா நா எங்கியோ கடல்ல வீசிட்டு வந்துருக்க மாட்டனா?" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். ஒருமுறை ரம்ஜான் நெருக்கத்தில் சாபிரா வாசலில் இருந்தபடியே, "செங்கொடிக்கா, இன்னிக்கி நெறிய துணி காயப் போட்டுகீறேன், சாயங்காலம் வரிக்கும் தலவலி வராம பாத்துக்கோ" என்று கத்தினாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் வலி எங்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

ஊசி ஆடி மாதம் ஆரம்பித்தது. அதற்கு முந்தைய மாதம் நோட்டில் பதினேழு நாள் வலி. முதல் ஊசிக்குப் பிறகு ஒன்பது. இரண்டாவதற்குப் பிறகு நாலு. மூன்றாவதற்குப் பிறகு நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம், பக்கம் வெறுமையாகவே இருந்தது. புரட்டாசி கழிந்த மறுநாள் செங்கொடி கடைக்கு வந்து நெத்திலிக் கருவாடு கேட்டாள். பதினோரு வருஷமாக அந்தக் கருவாட்டு மூலைப் பக்கம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போனவள். அன்று சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்து கொடுத்தாள். உப்புக் கரித்தது. பழக்கம் விட்டுப்போன கை. நான் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளைக் கவனித்துக்கொள்கிற பெண் ரெஜினா, நாகர்கோவில்காரி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டு நோட்டில் இருப்பதை என்னிடம் கேட்டு எழுதிக்கொள்வாள். தெற்கத்திப் பேச்சு என் காதில் விழுந்தால் நான் சும்மா இருப்பேனா, மருந்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். சாதாரணமாக நமக்கு ஒரு வாடையோ சத்தமோ கொஞ்ச நேரத்தில் பழகிவிடுமாம். இந்த வலிக்காரர்களின் மூளைக்குப் பழகாதாம். ஒரு துளி வாடை வந்தாலும் வாடையை அறிகிற இடமும் வலியை எழுப்புகிற இடமும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளுமாம். இந்த ஊசி மருந்து மூளைக்குள் அநேகமாகப் போவதே இல்லையாம், வெளியே இருக்கிற நரம்பைத் தொடுவதோடு சரியாம். அப்படியும் சிலருக்கு உள்ளே அந்த இடங்களுக்கு இடையிலான தொடர்பு மாறுவதுபோலப் படத்தில் தெரிகிறதாம். எப்படி என்று கேட்டேன். "அதைத்தான் அண்ணே நாங்களும் தேடிட்டு இருக்கோம்" என்றாள். வாசல்படியில் மருந்து வைத்தால் அடுப்படியில் சண்டை ஓய்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நல்ல விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் நாங்கள் புத்திகெட்டுப் போனோம். செங்கொடி வீட்டு ஜன்னல் இரண்டு மாதமாகத் திறந்தே கிடந்தது. முதல் மாதம் அதை ஊசியின் மகிமை என்றோம். இரண்டாவது மாதம் பேச்சு மெல்ல மாறியது. "கம்பெனிக்காரன் இன்னாத்தையோ சரி பண்ட்டான் போலகீது" என்றாள் சாபிரா. டியூஷன் டீச்சரும் ஆமாம் என்றார். போன கோடையில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோமே, அது வேலை செய்துவிட்டது என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். ஜன்னல் சாத்தினால் கேஸ் என்று எட்டு வருஷம் பழகிய புத்தி, ஜன்னல் திறந்திருந்தால் கேஸ் இல்லை என்று தானாகவே தலைகீழாகப் படித்துக்கொண்டது. இடையில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குக் கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்றார்கள். என் தார்ப்பாயை மழைக்கு ஒழுகும் கூரைமேல் கட்டிவிட்டேன்.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டு மூன்று நாள் ஆகியும் வெயில் வரவில்லை, காற்றும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு நான் துவரம் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது தொண்டையில் சுண்ணாம்பு ஒட்டினாற்போல ஏதோ பிடித்தது. எச்சில் விழுங்கினேன், போகவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் நிமிர்ந்து எதிர்வீட்டைப் பார்த்தேன். செங்கொடி வாசலில் நின்று தலையைக் கோதிக்கொண்டே அசோகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கிருஷ்ணபட்டினம் துறைமுகத்திலிருந்து என்னமோ சொல்ல, இவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் என் தொண்டையைச் சந்தேகப்பட்டேன். டப்பாவிலிருந்து ஒரு பனங்கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் மகிழினி டியூஷனுக்குப் புறப்பட்டுக் கடைக்கு வந்து ஸ்கெட்ச் பேனா கேட்டாள். கேட்கும்போதே இரண்டு முறை இருமினாள். "தண்ணி குடிச்சிட்டுப் போ தாயி" என்றேன். "பாட்டில்ல கீது அண்ணாச்சி" என்று பையைத் தட்டிக் காட்டிவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். டியூஷன் டீச்சர் வீடு தெருமுனையில், ஆற்றுக்கு மிக அருகில். நான் அவளைப் போகவிட்டேன். பருப்பு முக்கால் கிலோ காட்டியது. இன்னும் கால் கிலோ போட்டு நிறுவையைச் சரிசெய்தேன்.

அரைமணி நேரத்தில் ஆட்கள் முந்தானையையும் கைலியையும் மூக்கில் வைத்துக்கொண்டு முனையிலிருந்து ஓடி வந்தார்கள். செங்கொடி மட்டும் எதிர்த்திசையில் ஓடினாள். அவள் மூக்கை மூடிக்கொள்ளவில்லை. மூட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மகிழினியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது குழந்தையின் உதடு நாவல் பழம் தின்ற நிறத்தில் இருந்தது. இன்ஹேலரை வைத்து அழுத்தினால் உள்ளே இழுக்க மூச்சு இல்லை. ஆட்டோ பிடித்துப் போனோம். பதினோரு நாள் ஆஸ்பத்திரி, அதில் ஐந்து நாள் மூச்சுக்குக் குழாய். பிழைத்துவிட்டாள். நுரையீரலில் ஒரு பகுதி இனி பழையபடி ஆகாது, மாடிப்படி ஏறக்கூடாது, ஓடக்கூடாது, வீட்டில் ஆவி பிடிக்கிற மெஷின் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதிகாரிகள் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, அளவுக்குள் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

செங்கொடி யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள். "எனுக்கு வாசன வந்துச்சு அண்ணாச்சி. வராம இல்ல. யாரோ துணிக்கு சோப்பு போட்டமாறி இருந்துச்சு. நல்லாத்தான் கீதுன்னு நின்னுகினு இருந்தேன்." பன் சுற்றியிருந்த காகிதத்தை நாலாக மடித்து மறுபடி பிரித்தாள்.

தை மாதம் கடைசிப் படம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். அசோகன் வண்டியோடு போயிருந்ததால் நான் கூடப் போனேன். ஊசி ஆறு முடிந்துவிட்டது, இன்னும் ஆறு மாதம் தொடர்ந்து போட்டுக்கொள்ள ஆய்வில் இடம் இருக்கிறது என்று ரெஜினா ஒரு காகிதத்தை நீட்டினாள். நேரில் பார்த்தால் சின்னப் பெண். முகமெல்லாம் சந்தோஷம். கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். முதல் படத்தில் மூளையின் அடியில் இருந்த புள்ளிகளுக்கு இடையே சிவப்புக் கோடுகள் தடித்தடியாக ஓடின. இரண்டாவதில் அவை இளைத்திருந்தன, ஒன்றிரண்டு காணவே இல்லை. இத்தனை பேரில் இவ்வளவு தெளிவாக மாற்றம் தெரிகிறது உங்களுக்குத்தான் அக்கா என்றாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நோட்டில் மகிழினிக்குக் கட்டம் இல்லையே.

செங்கொடி காணாமல் போன கோடு இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"ஊசிய நிறுத்திட்டா பயசுமாறி ஆய்டுமா?"

"ஏன் அக்கா நிறுத்தணும்? நல்லாத்தானே இருக்கீங்க."

"ஆய்டுமா ஆவாதா, அத்த சொல்லு."

"நிறுத்தினா சில பேருக்கு மூணு நாலு மாசத்துல வலி திரும்ப வருது. எல்லாருக்கும்னு சொல்ல முடியாது."

"வலிய கேக்கல கண்ணு. இந்தக் கோடு. இந்தக் கோடு திரும்ப வருமா?"

ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். ஜன்னல், சாபிரா, தார்ப்பாய், செவ்வாய்க்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன். என் தொண்டையை மட்டும் சொல்லவில்லை. கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் கை மவுஸிலிருந்து தானாக விலகி மடியில் விழுந்தது. "எனக்குத் தெரியாது அக்கா. யாருக்கும் தெரியாது. இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சுத் தெரியலாம்" என்றாள். காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் செங்கொடி எழுந்துவிட்டாள்.

பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். மத்தியான ரயில், உட்கார இடம் இருந்தும் அவள் கதவோரம் நின்றாள். ராயபுரம் தாண்டியது, வண்ணாரப்பேட்டை தாண்டியது. என்னால் முடியவில்லை. கொருக்குப்பேட்டையில் ரயில் நின்றபோது அவள் பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட்டேன். அன்னைக்கு எனக்குத் தொண்டையில பிடிச்சுதும்மா, நாலு மணிக்கே பிடிச்சுது, உன் முகத்தைப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன், உம்பிள்ளை எம்முன்னால இருமிச்சு, நான் போகவிட்டுட்டேன். அவள் என்னை அறைந்திருக்கலாம். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன். தண்டையார்பேட்டையில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். திருவொற்றியூர் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப உங்குளுக்கு வருது" என்றாள்.

பிறகு அவள் தலைவலிக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். இப்படி ஒரு காத்திருப்பை நான் பார்த்ததில்லை. ஆய்வு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், என் கடையிலேயே கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கி ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். காலையில் எழுந்ததும் நெற்றிப்பொட்டை அழுத்திப் பார்ப்பாள். வேண்டுமென்றே வெயிலில் நிற்பாள். ஊதுவத்தியை மூக்குக்குக் கீழே பிடித்தாள். சாபிரா, "வோணாம்க்கா, கெஞ்சிக் கேக்குறேன், இன்னாக்கா இது" என்று அழுதாள். வீட்டை மாற்றிக்கொண்டு போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அசோகனும் அதையேதான் கேட்டான். இந்தத் தெருவில் வீடு வாங்க யார் வருவார்கள்? நான் என் பங்குக்கு ஆன்லைனில் ஒரு குட்டி மீட்டர் வரவழைத்தேன். அது பினாயில் மூடியைத் திறந்தால் அலறியது, கொசுவத்தி ஏற்றினால் அலறியது. கம்பெனி நாட்களில் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

சித்திரை முதல் வாரத்தில் வலி வந்தது. செங்கொடி வாசலுக்கு ஓடி வந்து கண்ணைப் பொத்திக்கொண்டு, "வந்துச்சு அண்ணாச்சி! வந்துச்சு!" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஜன்னலைச் சாத்தினாள். தெரு முழுக்க மளமளவென்று சாத்தியது. நான் கூரைமேலிருந்த தார்ப்பாயை அறுத்து இறக்கினேன். சித்திரை வெயிலில் ஷட்டருக்குள் மூன்று மணி நேரம் வெந்துகொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. அன்று முழுக்கக் கடல் காற்று, ஆற்று மீன் வாடைகூட இல்லை. நாலு நாள் கழித்து நிஜமாகவே வந்தது. சாபிராவின் கைக்குழந்தை வாந்தி எடுத்தது, எங்களுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை, செங்கொடி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு முறை இப்படி, ஒரு முறை அப்படி. வலி வருகிற நாளில் கேஸ் இல்லை, கேஸ் வருகிற நாளில் வலி இல்லை, சில நாள் இரண்டும், சில நாள் ஒன்றுமே இல்லை. மாதம் பதினான்கு பதினைந்து நாள் தரையில் கிடந்தாள். வலி மட்டும் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. படத்தில் பார்த்த அந்தக் கோட்டைத்தான் காணோம்.

வைகாசிக்குள் தெரு அவள் ஜன்னலைப் பார்ப்பதை விட்டுவிட்டது. யாரும் சொல்லிவைத்து விடவில்லை. அவள் சாத்தும்போது சாபிரா தலையைக் குனிந்துகொண்டு தைத்தாள். பிள்ளைகள் மட்டும் அம்மாமார்களிடம், "இது கேஸ் தலவலியா, சும்மா தலவலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். செங்கொடி அதைக் கேட்டும் கேட்காதவள்போல் இருந்தாள். யார்டிலும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன், யாருக்கு என்று தெரியாமல். இப்போதெல்லாம் பத்துக்குப் பக்கத்தில் அவள் சொல்கிறதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனி மாதம், நேற்றைக்கு முந்தின நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெயில் மங்கி ஆற்றுப் பக்கம் மந்தாரமாகக் கிடந்தது. தெருவில் ஆள் இல்லை. மகிழினி எதிர்வீட்டுப் படியிறங்கி, இருபது அடித் தெருவை மெதுவாகக் கடந்து கடைக்கு வந்தாள். கவுன் தோளில் தொங்கியது. மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை கல்லாப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தாயி வேணும்?"

"ஒண்ணும் வாணாம் அண்ணாச்சி. அம்மா தலவலில படுத்துகினுகீது. எந்தத் தலவலின்னு அதுக்குத் தெர்லயாம். உங்க மூஞ்சியப் பாத்துட்டு வர சொல்லிச்சு."

"என் முகத்தையா? வந்து, அம்மாகிட்ட போய்ச் சொல்லு..."

"வாயால கேக்க வாணாம்னு சொல்லிச்சு. மூஞ்சிய மட்டும் பாத்துட்டு வர சொல்லிச்சு."

சொல்லிவிட்டு அவள் பார்க்க ஆரம்பித்தாள். கரும்பலகையில் கணக்கைப் பார்க்கிற பிள்ளை, அதே கவனம். என் தொண்டையில் அது இருந்தது. காலையிலிருந்தே இருந்தது. முந்தின நாளும் இருந்தது, அதற்கு முந்தின நாளும் இருந்தது. கார்த்திகை செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அது இல்லாத நாளே எனக்கு இல்லை. கேஸ் வந்த நாளிலும் அதே அளவுதான், கடல் காற்று அடித்த நாளிலும் அதே அளவுதான். இதை அந்த ரயிலில் என்னால் சொல்லியிருக்க முடியாது, அப்போது எனக்கே தெரியாது. மூக்கால் இழுத்துப் பார்த்தேன். சோப்பு, கருவாடு, சாக்குப் பை, மண்ணெண்ணெய். இவற்றுக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறதா இல்லையா? முகத்தில் எதையும் காட்டாமல் இருந்தால் அந்தக் குழந்தை கேஸ் வந்தாலும் தெருவில் விளையாடும். காட்டினால் செங்கொடி அவளை அந்த வேக்காட்டில் அடைத்துவைத்து ஈரத்துணி திணிப்பாள், உள்ளே மூச்சு முட்டும். சிரிக்கலாமா என்று வாயைக் கொஞ்சம் இழுத்தேன். அது சிரிப்பாக வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்தது. கேஸா, அழுகையா, அதுவும் தெரியவில்லை.

"என்ன தாயி தெரியுது?" என்று கேட்டேன்.

அவள் போதுமான அளவு பார்த்துவிட்டதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். நடுத்தெருவில் நின்றிருந்த தண்ணீர் லாரியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இளைப்பு ஆறினாள். எதிர்வீட்டு ஜன்னலில் செங்கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால், தெருவைக் கடந்து வருகிற மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.